நாற்பது நாள் வேலை, பாஸ்ராவோ லாகோஸோ: சரி சொல்வதற்கு முன்னால்

ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பழுது பார்ப்பது), கமிஷனிங் (புதிதாக நிறுவியதை ஓட வைப்பது), டர்பைன் சர்வீஸ், டவர் லைன் (உயர் மின்கம்பி) என்று முப்பது நாற்பது நாளுக்கு ஆள் கேட்டு வரும் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் ஒரே அச்சில்தான் இருக்கும்: ஊர் பேர், டாலரில் ஒரு டே ரேட் (ஒரு நாள் சம்பளம்), கடைசியில் "உடனே கிளம்ப முடியுமா?" ஈராக், நைஜீரியா, காங்கோ, லிபியா, மாலி என்றால் அந்த ரேட் வளைகுடாவில் கிடைப்பதைவிடத் தாராளமாக இருக்கும். ஏன் தாராளம் என்று யோசித்துப் பாருங்கள். கம்பெனியின் நிரந்தர ஆளை அங்கே அனுப்பினால் இன்சூரன்ஸ், பாதுகாப்பு வண்டி, உடம்புக்கு ஏதாவது ஆனால் தூக்கி வர விமானம், வீட்டுக்குப் பதில் சொல்லும் எச்.ஆர். எல்லாவற்றுக்கும் அவர்கள் செலவழிக்க வேண்டும். ஃப்ரீலான்ஸ் ஆளான உங்களுக்கு அதெல்லாம் தானாக வராது. கேட்டு, எழுதி வாங்கினால்தான் உண்டு. அதனால் ரேட்டைக் கடைசியாகப் பேசுங்கள். எப்படி வெளியே வருவேன், யார் கூட்டி வருவார்கள், அதற்கு யார் பணம் கட்டுவார்கள் என்பதை முதலில் பேசுங்கள்.

அதற்கும் முன்னால், வேலை நிஜமா என்று பார்க்க வேண்டும். 2022-இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன நம் ஊர்ப் பையன்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் ஆன்லைன் மோசடி வேலையில் உட்கார வைத்தது நினைவிருக்கும். நிஜமான சைட் வேலைக்குக் கூப்பிடுபவர் உங்களை நோண்டி நோண்டிக் கேட்பார்: எந்தக் கண்ட்ரோல் சிஸ்டத்தில் கை வைத்திருக்கிறீர்கள், கடைசி ஷட்டவுன் எங்கே, லூப் செக் (கருவி இணைப்புச் சோதனை) முடித்த ஷீட் ஒன்று அனுப்ப முடியுமா என்று. வேலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் பாஸ்போர்ட் காப்பியும் "பிராசஸிங் ஃபீஸும்" கேட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். நீங்களும் கேளுங்கள். கடைசி கிளையன்ட் யார், எந்த சைட், உங்களை அழைப்பவர் அந்தக் கிளையன்டுக்கு நேரடி கான்ட்ராக்டரா, கீழே மூன்றாவது ஆளா? நடுவில் ஆள் கூடக் கூடப் பணம் வர நாளாகும், ஏதாவது ஆனால் பொறுப்பெடுக்கவும் ஆள் இருக்க மாட்டார்.

விசாவில் சமரசமே வேண்டாம். "பிசினஸ் விசாவில் வாங்க, அங்க வந்து பாத்துக்கலாம்" என்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் கேட்கிற வாக்கியம். பிசினஸ் விசா மீட்டிங்குக்கு. ஸ்பேனரைத் தூக்கினால் அது வேலை. நைஜீரியாவில் இயந்திரம் நிறுவ, பழுது பார்க்க, கமிஷனிங் செய்ய வரும் குறுகிய கால ஆட்களுக்கென்றே டி.டபிள்யூ.பி. எனப்படும் தற்காலிக வேலை அனுமதி இருக்கிறது, அதைக் கேளுங்கள். ஈராக்கில் வேறு சிக்கல்: குர்திஸ்தான் பகுதிக்கு மட்டும் கொடுத்த விசாவை வைத்துக்கொண்டு எர்பிலில் இறங்கலாம், அந்தப் பகுதிக்கு வெளியே இருக்கும் பாஸ்ராவுக்குப் போக முடியாது. தப்பான விசாவோடு பிடிபட்டால் கம்பெனிக்கு அபராதத்தோடு போகும், உள்ளே உட்காருவது நீங்கள்தான். பாஸ்போர்ட்டை ஸ்டாம்பிங்குக்கு என்று வாங்கினால், வாங்கியதற்கு ஒரு மெயில் வரும்வரை அந்த அறையை விட்டு நகராதீர்கள்.

பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். (எமிக்ரேஷன் சோதனை தேவை) வகையாக இருந்தால் ஈராக், லிபியா, சூடான் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வேண்டும். அது தேவையில்லாதவர்களும் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் விருப்பப் பதிவு செய்யலாம். செய்துவிடுங்கள். நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதே தூதரகத்துக்குத் தெரியாவிட்டால் ஒரு நெருக்கடியில் அவர்கள் யாரைத் தேடுவார்கள்? தூதரகம் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஈராக்கில் பாக்தாதில் தூதரகமும் எர்பிலில் துணைத் தூதரகமும் உண்டு. சோமாலியா என்றால் நைரோபியிலிருந்துதான் பார்க்கிறார்கள்.

இப்போது பாதுகாப்பு. பலர் சைட்டைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். பெரிய எண்ணெய் வயல்களில் கேம்ப்புக்குள் வேலியும் காவலும் இருக்கும். ஆபத்து பெரும்பாலும் ரோட்டில்தான், அதாவது விமான நிலையத்திலிருந்து கேம்ப் வரை, கேம்ப்பிலிருந்து சைட் வரை. வேலி போட முடியாத வேலை இன்னும் மோசம், டவர் லைன் மாதிரி. 2025 நவம்பரில் மாலியில் கடத்தப்பட்ட ஐந்து பேரும் தமிழ்நாட்டிலிருந்து மின்மயமாக்கல் வேலைக்குப் போனவர்கள். அதே ஆண்டு ஜூலையில் அங்கே கேயஸ் பகுதியில் ஒரு சிமென்ட் ஆலைக்குள்ளேயே புகுந்து மூன்று இந்தியர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஆகவே மதில் இருக்கிறது என்பதும் முழுப் பதில் இல்லை.

ஒப்பந்தத்துக்கு முன் இவற்றை மெயிலில் கேளுங்கள்: விமான நிலையத்தில் என்னை யார் சந்திப்பார், அவர் பேரும் போட்டோவும் கிளம்பும் முன் வருமா, எந்த வண்டி, இரவில் பயணம் உண்டா (உண்டு என்றால் ஏன்), சைட்டில் டாக்டர் இருக்கிறாரா, நிலைமை கெட்டால் "கிளம்புங்கள்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் மழுப்பலான பதில்தான் வரும். நானே பாதுகாப்பில்லை என்று நினைத்தால் கிளம்பலாம், அதுவரை செய்த நாட்களுக்குப் பணமும் திரும்பும் டிக்கெட்டும் உண்டு என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் வர வேண்டும். இந்த ஒரு வரிக்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் நான் மேற்கொண்டு பேசுவதில்லை, ரேட் எவ்வளவாக இருந்தாலும் சரி.

வெளியேற இரண்டாவது வழியை நீங்களே மேப்பில் பார்த்து வையுங்கள். 2023 ஏப்ரல் 15 அன்று சூடானில் சண்டை வெடித்தபோது கார்ட்டூம் விமான நிலையமே போர்க்களமாகிவிட்டது. இந்திய அரசின் 'ஆபரேஷன் காவேரி'யில் மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் செங்கடல் ஓரத்து போர்ட் சூடான் வரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஜெட்டாவுக்குக் கப்பலிலும் விமானத்திலும் போனார்கள். கையில் ரிட்டர்ன் டிக்கெட் இருந்தவர்களுக்கும் அதே பஸ்தான்.

இன்சூரன்ஸ் என்று கம்பெனி சொன்னால் பாலிசியையே அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் பயண இன்சூரன்ஸ் பலவற்றில் போர், கலவரம், உயரத்தில் வேலை, உடல் உழைப்பு எல்லாம் விலக்கு. அரசு போக வேண்டாம் என்று அறிவித்த நாடு என்றாலும் பல பாலிசிகளில் பணம் தர மாட்டார்கள். நாடு, ஊர், வேலை என்ன என்று விவரமாக எழுதி "இதற்குப் பாலிசி செல்லுமா?" என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவத்துக்காக வேறு நாட்டுக்குத் தூக்கிச் செல்லும் செலவு இதில் இருக்கிறதா என்பது முக்கியம், தெற்கு சூடானின் ஜூபாவிலிருந்து நைரோபிக்கு ஒரு ஆம்புலன்ஸ் விமானம் என்றால் பல்லாயிரம் டாலர். கடத்தலுக்கான இன்சூரன்ஸ் கம்பெனி எடுத்திருந்தால் அதைப் பற்றி வெளியே யாரிடமும் வாய் திறக்காதீர்கள், அப்படி ஒன்று இருப்பது தெரிந்தாலே உங்கள் தலைக்கு விலை வந்துவிடும்.

பணம். உள்ளூர் கரன்சியில் ஒப்பந்தம் போடவே கூடாது. நைஜீரியாவில் 2023 ஜூனில் நைராவைச் சந்தைக்கு விட்டபோது ஒரு டாலருக்கு 460 பக்கம் இருந்தது, அடுத்த ஆண்டு 1,500 ஆனது. நைராவில் பேசி, பணம் மூன்று மாதம் தாமதமாக வந்தவர் நிலையை யோசியுங்கள். டாலரில் பேசி, உங்கள் இந்தியக் கணக்குக்கு வர வேண்டும் என்று எழுதுங்கள். எந்த நாட்டு வங்கியிலிருந்து அனுப்புவார்கள் என்றும் கேளுங்கள். துபாயிலிருந்து வந்தால் பிரச்சினை குறைவு, தடைகள் உள்ள நாடுகளின் வங்கியிலிருந்து வந்தால் நடுவிலேயே மாட்டிக்கொள்ளும்.

டிக்கெட்டுக்கு முன் அட்வான்ஸ், அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு இன்வாய்ஸ். உங்கள் பணம் அவர்களிடம் எவ்வளவு நின்றால் தாங்குவீர்களோ அதற்கு மேல் நிற்க விடாதீர்கள், ஏனென்றால் "தகராறு லண்டன் நடுவர் மன்றத்தில் தீர்க்கப்படும்" என்ற வரி ஐந்து லட்ச ரூபாய் பாக்கிக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. டே ரேட் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை ஓட வேண்டும். சைட்டுக்குள் போகும் கேட் பாஸ் வரவில்லை என்று லாகோஸ் ஹோட்டலில் உட்கார வைத்தால் அது ஸ்டாண்ட்பை (காத்திருக்கும் நாள்), அதற்கும் ரேட் உண்டு.

டைம்ஷீட் (எந்த நாள் எத்தனை மணி நேரம் வேலை என்று எழுதும் தாள்) விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பணம் தகராறில் நிற்பது பெரும்பாலும் அங்கேதான். வார முடிவில் கிளையன்ட் ஆளிடம் மொத்தமாகக் கையெழுத்து வாங்கலாம் என்று பலர் விட்டுவிடுவார்கள். கிளையன்ட் ஆள் ரொட்டேஷனில் (சில வாரம் வேலை, சில வாரம் விடுப்பு) இருப்பவர். வியாழன் வண்டியில் அவர் கிளம்பிவிடுவார், மாற்றாக வருபவர் "நான் இல்லாத நாளுக்கு நான் எப்படிக் கையெழுத்து போடுவேன்?" என்பார். கேட்பதும் நியாயம்தான். அதனால் ஷிஃப்ட் முடிந்ததும் அன்றன்றே வாங்குங்கள். கையெழுத்துக்குக் கீழே பேரைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள், அவருடைய பேட்ஜ் நம்பர் இருக்கட்டும், நிறுத்தி வைத்த மணி நேரம் இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள் ("வேலை தொடங்க பெர்மிட் 11:40க்குத்தான் வந்தது"). கேம்ப்புக்கு வந்ததும் போட்டோ எடுத்து இரண்டு மெயிலுக்கு அனுப்புங்கள். சைட்டுக்குள் போன் அனுமதி இல்லாத இடங்களில் கார்பன் வைத்த டைம்ஷீட் புத்தகம் ஒன்று இங்கிருந்தே அச்சடித்துக்கொண்டு போவது நல்லது.

கைச் செலவுக்கு டாலர் நோட்டாக எடுத்துப் போக ரிசர்வ் வங்கி ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை அனுமதிக்கிறது, ஈராக்கும் லிபியாவும் என்றால் 5,000. புது நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசில் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிந்த நோட்டைக்கூட டாக்சிக்காரர் முதல் ஹோட்டல்காரர் வரை திருப்பிக் கொடுப்பார்கள், தலைவர் படம் சிறியதாக இருக்கும் பழைய நோட்டையும் அப்படியே. அங்கிருந்து கிளம்பும்போது விமான நிலையத்தில் 'கோ பாஸ்' என்று டாலரில் ஒரு கட்டணம் கேட்பார்கள், அதற்கென்று நல்ல நோட்டைத் தனியாக வைத்திருங்கள். திரும்பி வரும்போது கையில் 5,000 டாலருக்கு மேல் நோட்டு இருந்தால் இங்கே கஸ்டம்ஸில் சொல்லிவிட வேண்டும்.

பையில் என்ன போகலாம், என்ன போகக் கூடாது என்பதும் உண்டு. டூல்ஸ், லேப்டாப், மீட்டர் எடுத்துப் போகிறீர்கள் என்றால் கிளம்பும்போதே கஸ்டம்ஸில் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்குங்கள், இல்லையென்றால் வரும்போது உங்கள் சாமானுக்கே வரி கேட்பார்கள். வீட்டில் அரைத்துக் கொடுக்கும் மசாலாவில் கசகசா இருந்தால் எடுத்து வைத்துவிட்டுப் போங்கள், வழியில் விமானம் மாறும் எமிரேட்ஸ் (யு.ஏ.இ.) நாட்டிலும் சவுதியிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். வலிக்குச் சாப்பிடும் டிரமடாலும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் முன் அனுமதி இல்லாமல் எடுத்துப் போனால் அதே கதை. அங்கே சாட்டிலைட் போன் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வராதீர்கள், லைசென்ஸ் இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம்.

வரி: ஒரு நிதியாண்டில் வெளியே இருந்த நாட்கள் குறைவாக இருந்தால் நீங்கள் இங்கே ரெசிடென்ட்தான், உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்கு காட்ட வேண்டும். அங்கே பிடித்த வரிக்குச் சான்றிதழ் கேட்டு வாங்கி ஆடிட்டரிடம் கொடுங்கள். சான்றிதழ் இல்லாமல் "பிடித்தார்கள் சார்" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குக் கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும், ஆகவே "உடனே கிளம்புங்கள்" என்பவர்களுக்காகக் காத்திருக்காமல் இப்போதே போட்டு வையுங்கள், 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லும். அட்டை இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள்.

மலேரியாவுக்கு ஊசியை நம்பிப் போக முடியாது. மாத்திரைதான், அதைத் திரும்பி வந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். ஊர் வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். வந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் அடித்தால் இங்கே முதலில் டெங்கு, டைபாய்டு என்றுதான் பார்ப்பார்கள். ஆப்பிரிக்காவில் வருவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியா, ஒரு நாள் தாமதமே ஆபத்து. டாக்டர் கேட்பதற்கு முன்பே எந்த நாட்டிலிருந்து, எப்போது வந்தீர்கள் என்பதைச் சொல்லி, மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை அன்றைக்கே செய்யச் சொல்லுங்கள். முதல் சோதனையில் இல்லை என்று வந்து காய்ச்சல் விடாவிட்டால் மறுநாளும் எடுக்கச் சொல்லுங்கள்.