எம்.எஸ்சி. நியூரோசயின்ஸ்: கணக்கைக் கண்டு ஓடாதீர்கள்

இளநிலையில் உயிரியலோ உளவியலோ படித்துவிட்டு, இனி கணக்கின் தொல்லை இருக்காது என்று நம்பி, மூளையையும் நரம்புகளையும் ஆராயும் நியூரோசயின்ஸுக்கு வருபவர்கள் நிறைய. மற்ற பல தவறுகளும் இந்த நம்பிக்கையிலிருந்துதான் கிளைக்கின்றன.

நியூரானில், அதாவது நரம்பு செல்லில், மின்துடிப்பு எப்படி எழுகிறது என்பதை ஊசிக் கணவாயின் தடித்த ஆக்ஸானை (நரம்பு செல்லின் நீண்ட இழையை) வைத்து ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் 1952-இல் விளக்கினார்கள். அந்த விளக்கமே வகைக்கெழுச் சமன்பாடுகளில்தான் இருக்கிறது. அதனால் வகுப்பு தொடங்கும் முன்பே பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை எடுத்து வகைநுண்கணிதம், அணிகள் இரண்டையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பைத்தான் என்ற நிரல்மொழியையும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம் புள்ளியியல். மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். 2009-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செத்த சால்மன் மீன் ஒன்றை மூளையின் இயக்கத்தைப் படமாக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். மீனின் மூளையில் சில புள்ளிகள் 'இயங்குவதாக' முடிவு வந்தது! காரணம் எளிது. ஒரு லட்சம் புள்ளிகளை ஆயிரத்தில் ஒன்று என்ற தவறு வரம்பில் சோதித்தால், எதுவுமே நடக்காவிட்டாலும் நூறு புள்ளிகள் தற்செயலாகத் தேறிவிடும். பல சோதனைகளுக்கான திருத்தத்தைச் செய்ததும் மீனின் மூளை அடங்கிவிட்டது.

இன்னொரு தவறு இன்னும் நுட்பமானது. மருந்து கொடுத்த எலிகளில் மாற்றம் புள்ளியியல்படி தேறுகிறது (தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவு), கொடுக்காத எலிகளில் தேறவில்லை. உடனே இரு கூட்டங்களுக்கும் வித்தியாசம் உண்டு என்று எழுதிவிடுகிறோம். அந்த வித்தியாசத்தையே தனியாகச் சோதித்திருக்க வேண்டும். 2011-இல் வெளியான ஓர் அலசலில், இப்படிப்பட்ட ஒப்பீடு வந்த 157 கட்டுரைகளில் 79 இந்தத் தவறைச் செய்திருந்தன. அத்தனையும் முன்னணி ஆய்விதழ்களில் வந்தவை. பெரியவர்களே சறுக்கும் இடம் என்பதால்தான் முதல் செமஸ்டரிலேயே இதைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்.

ஸ்கேனில், பயத்தோடு தொடர்புபடுத்தப்படும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி ஒளிர்ந்தால் அவர் பயந்திருக்கிறார் என்று முடிவுகட்டவும் கூடாது. பரிசு கிடைக்கும்போதும் புதிதாக ஒன்றைப் பார்க்கும்போதும்கூட அது இயங்கும். பாடநூல் எண்களையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். நியூரான்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்கள் நியூரான்களைப் போல் பத்து மடங்கு என்று பல புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. 2009-இல் எண்ணிப் பார்த்ததில் மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருந்தன, மற்ற செல்களும் ஏறக்குறைய அதே அளவுதான்.

கடைசியாக, புராஜெக்ட். பேராசிரியரின் புகழை மட்டும் பார்த்து ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் மாணவர்களிடம் பேசுங்கள். தினமும் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? எலிகளை வைத்துச் செய்யும் வேலை என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருக்கிறதா, இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டுமா? அனுமதிக்குக் காத்திருப்பதிலேயே மாதங்கள் போய்விடலாம். புராஜெக்ட்டுக்கு உங்களிடம் இருப்பது ஒன்றோ இரண்டோ செமஸ்டர்தான்.