ஹை-லிமிட்டை டைரக்ட் பண்ணாதீர்கள்: ஃப்ரையர் சர்வீஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணெயில் பொரிக்கும் ஹோட்டல் ஃப்ரையர்களை சர்வீஸ் செய்யப் புதிதாக வரும் பையன்களைப் பழக்கும் வேலை என்னுடையது. ஐடிஐ முடித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள், ஏசி வேலையிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. யார் வந்தாலும், நாங்கள் தொழில் கற்ற காலத்தில் எங்கள் செட் முழுக்கச் செய்த அதே தவறுகளைத்தான் வரிசை மாறாமல் செய்கிறார்கள். மெயினை அணைக்காமல் கை வைப்பது, எண்ணெய் கொதிக்கும்போதே பேனலைக் கழற்றுவது, சோப்புத் தண்ணீர் தடவி கேஸ் கசிவு பார்க்காமல் கிளம்புவது, இதெல்லாம் முதல் வாரத்திலேயே திட்டு வாங்கித் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகும் தொடர்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஹை-லிமிட்டை டைரக்ட் செய்வது

மாஸ்டர் கையால் திருப்புகிற தெர்மோஸ்டாட் 170, 180 என்று வைத்த இடத்தில் எண்ணெயை நிறுத்தும். அது கைவிட்டால் காப்பாற்றுவதற்கு உள்ளே இன்னொன்று இருக்கிறது, அதுதான் ஹை-லிமிட். எண்ணெய் 220, 230 டிகிரிப் பக்கம் போனால் ட்ரிப் ஆகி ஹீட்டிங்கையே வெட்டிவிடும் (கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறும்). பெரும்பாலானவற்றில் எண்ணெய் ஆறிய பிறகு ரீசெட் பட்டனைக் கையால் அழுத்தினால்தான் திரும்ப ஓடும். கையால்தான் அழுத்த வேண்டும் என்று வைத்திருப்பதே, ஏன் ட்ரிப் ஆனது என்று ஒருவர் வந்து பார்க்கட்டும் என்பதற்காகத்தான்.

நம் பையன்கள் வந்து பார்ப்பது பட்டனை மட்டும்.

கோயம்புத்தூரில் ஒரு ஃப்ரைட் சிக்கன் கடை. 9 கிலோவாட், மூன்று பேஸ் ஃப்ரையர், அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று புகார். போன பையன் ரீசெட் அழுத்தினான், ஓடியது. அரை மணி நேரத்தில் மறுபடி ட்ரிப். மறுபடி ரீசெட். அதற்கடுத்து ட்ரிப் ஆனபோது சனிக்கிழமை சாயங்காலம், கடையில் கூட்டம், ஓனர் பின்னால் நின்று கத்துகிறார். ஒரு துண்டு வயரை எடுத்து ஹை-லிமிட்டின் இரண்டு டெர்மினலையும் இணைத்துவிட்டு (இதைத்தான் டைரக்ட் செய்வது என்போம்), "ஹை-லிமிட் வீக்ண்ணே, பார்ட் வந்ததும் மாத்திடறேன், அதுவரைக்கும் ஓட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'வொர்க்கிங் ஓகே'. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது அந்த இரண்டு வார்த்தையை நினைத்துத்தான்.

மறுநாள் மதியம், ஆர்டர் குறைந்த நேரத்தில், எண்ணெய் தானாகப் புகைய ஆரம்பித்தது. மாஸ்டர் அனுபவசாலி. தெர்மோஸ்டாட்டைத் திருப்பிப் பார்த்தார், கேட்கவில்லை. ஓடிப்போய் சுவரிலிருந்த எம்சிபியை இறக்கிவிட்டு, டேங்கின் மேல் மூடியைப் போட்டு, எல்லோரையும் வெளியே அனுப்பினார். பிழைத்தார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது ஹை-லிமிட்டில் ஒரு குறையும் இல்லை. கோளாறு கான்டாக்டரில், அதாவது தெர்மோஸ்டாட் சொல்கிறபடி ஹீட்டிங் எலிமெண்ட்டுக்குக் கரண்ட்டை விட்டு வெட்டுகிற ஸ்விட்சில். சப்ளையை முழுசாக வெட்டிவிட்டு, அதை இழுக்கிற காயிலுக்குக் கரண்ட் இல்லாத நிலையில் மல்டிமீட்டரை மெயின் முனைகளில் வைத்தால் பீப் வரவே கூடாது. மூன்றில் இரண்டு முனைகளில் பீப் அடித்தது. உருகி ஒட்டிப்போயிருந்தது. தெர்மோஸ்டாட் பாவம், 180-ல் ஒழுங்காக நிறுத்தச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, கான்டாக்டர் விடவில்லை. அந்த ஃப்ரையரில் ஹை-லிமிட் வெட்டுவது தனியாக இருக்கும் இரண்டாவது கான்டாக்டரை, அதனால் ஒவ்வொரு முறையும் அது மட்டுமே அந்தக் கடையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைத்தான் பையன் வயர் போட்டு ஊமையாக்கினான். இரண்டு பேஸ் மட்டும் ஓடியதால் எண்ணெய் மெதுவாக ஏறியது, கூட்ட நேரத்தில் போடுகிற சிக்கன் அந்தச் சூட்டை இழுத்துக்கொண்டது, ஆகவே ரீசெட் அழுத்தியதும் சரியாகிவிட்ட மாதிரித் தெரிந்தது.

மூன்று பேஸும் ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போடுங்கள். 15 லிட்டர் எண்ணெய், 9 கிலோவாட். நிமிடத்துக்குச் சுமார் 15 டிகிரி ஏறும். புது ரீஃபைண்ட் எண்ணெயே 230-ஐ ஒட்டிப் புகைய ஆரம்பித்துவிடும், பழைய எண்ணெய் அதற்கும் முன்னால். 360-ஐத் தாண்டிவிட்டால் தீப்பொறியே தேவையில்லை, தானாகப் பற்றிக்கொள்ளும். 180-லிருந்து அங்கே போகக் கால் மணி நேரம்கூட ஆகாது. பற்றிய பிறகு தண்ணீர் ஊற்றினால் சமையலறை முழுக்கத் தீ; அதற்கென்று உள்ள வெட் கெமிக்கல் தீயணைப்பான்தான் வேண்டும், எத்தனை கடையில் அது இருக்கிறது?

சரி, ட்ரிப் ஆகியிருந்தால் என்ன செய்வது? பட்டனைத் தொடுவதற்கு முன்னால், உங்கள் சொந்தத் தெர்மாமீட்டரை எண்ணெயில் விட்டுப் பாருங்கள். 220-க்கு மேல் இருந்தால் ஹை-லிமிட் தன் வேலையைச் செய்திருக்கிறது; கான்டாக்டர், தெர்மோஸ்டாட், அதன் பல்ப் (எண்ணெய்க்குள் நின்று சூட்டை உணரும் முனை) என்று தேடுங்கள். கேபிலரியில் (பல்பையும் தெர்மோஸ்டாட்டையும் இணைக்கும் மெல்லிய குழாய்) இருக்கிற திரவம் கசிந்துபோன தெர்மோஸ்டாட் எண்ணெய் எப்போதும் குளிர்ந்திருப்பதாகவே நினைக்கும், நிறுத்தவே நிறுத்தாது. பல்ப் கிளிப்பிலிருந்து கழன்றிருக்கலாம், கரி அப்பிப் பிடித்திருக்கலாம், எண்ணெய் மட்டம் குறைந்து பல்ப் வெளியே நிற்கலாம். எண்ணெய் ஆறியிருந்தால் இந்த அளவு உதவாது. ரீசெட் செய்து, தெர்மாமீட்டரை எடுக்காமல், ஃப்ரையரைச் சும்மா ஓடவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். 180-ல் ஒழுங்காக நின்று நின்று ஓடும்போதே ட்ரிப் ஆனால் மட்டும் ஹை-லிமிட்டைச் சந்தேகப்படுங்கள். அப்போதும் மாற்றத்தான் வேண்டும், டைரக்ட் கிடையாது. பார்ட் கையில் இல்லையா? மெயினை இறக்கி, டேக் கட்டி, ரிப்போர்ட்டில் 'ஓட்டக் கூடாது' என்று எழுதி ஓனரிடம் கையெழுத்து வாங்குங்கள். கத்துவார். கத்தட்டும்.

இப்போது பயிற்சிக்கு வைத்திருக்கும் ஃப்ரையரில் ஒட்டிப்போன ஒரு கான்டாக்டரை வேண்டுமென்றே மாட்டி, 'ட்ரிப் ஆகிறது' என்று மட்டும் சொல்லி ஒவ்வொரு பையனையும் விடுகிறேன். வயர் துண்டைத் தேடுகிறவனைத் தனியாக எங்கும் அனுப்புவதில்லை.

பைலட் நிற்கவில்லை என்றதும் தெர்மோபைலை மாற்றுவது

கேஸ் ஃப்ரையர்களில் வழக்கமாக நடப்பது. பைலட் என்பது எப்போதும் எரியும் சிறு தீ; தெர்மோபைல் அந்தச் சூட்டில் கொஞ்சம் கரண்ட் உண்டாக்கி கேஸ் வால்வைப் பிடித்து வைக்கும். 750 மில்லிவோல்ட் வகை தெர்மோபைலின் வயர்களை மட்டும் கழற்றி, பைலட் எரியும் நிலையில் தனியாக அளந்து, 500-க்குக் கீழே இருந்தால் யோசிக்கலாம். அதற்கும் முன்னால் பைலட் ஓட்டையைச் சுத்தம் செய்யுங்கள், தீ தெர்மோபைலின் தலையைச் சுற்றி அணைக்கிறதா என்று பாருங்கள், டெர்மினல்களில் எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் இருக்கிறதா என்று பாருங்கள். மில்லிவோல்ட்டில் ஓடுகிற சர்க்யூட்டில் ஒரு லூஸ் லக் (வயர் முனை) போதும், வால்வு பிடிக்காது. இதில் ஹை-லிமிட்டும் அதே சர்க்யூட்டில் தொடராக இருக்கும், ஆகவே 'செக் பண்ண' அதை ஷார்ட் செய்து பார்த்துவிட்டு அப்படியே மறந்து வருகிறவர்கள் உண்டு. ஷார்ட் செய்யவே வேண்டாம், ஹை-லிமிட்டின் இரண்டு பக்கமும் மீட்டரை வைத்து எவ்வளவு மில்லிவோல்ட் விழுகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கழுவிய பிறகு தண்ணீரை விட்டுவிடுவது

டேங்கில் தண்ணீரும் கிளீனிங் பவுடரும் போட்டுக் காய்ச்சிக் கழுவுவது நல்ல பழக்கம். கழுவி முடித்ததும் டேங்க் பளபளவென்று காய்ந்திருக்கும், தண்ணீர் ட்ரெயின் குழாயில் வால்வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். மேலே எண்ணெயை ஊற்றி ஆன் செய்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகாது. அப்புறம் அடியிலிருந்து பொங்கும். தண்ணீர் ஆவியாகும்போது 1,700 மடங்கு வரை பெருகும், ஒரு டம்ளர் போதும் எண்ணெய் டேங்கை விட்டு வெளியே வர. வால்வைத் திறந்து வைத்து, குழாய்க்குள் துணியைச் சுற்றித் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு அதை வெளியேற்றி, பிறகுதான் நிரப்ப வேண்டும்.

ஈரமான எலிமெண்ட்டைத் தூக்கிப்போடுவது

லீவு முழுக்கப் பூட்டிக் கிடந்த கேண்டீன், திறந்ததும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் வெட்டும் ஸ்விட்ச்) விழுகிறது, மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) அளவு மோசம், உடனே 'எலிமெண்ட் போச்சு'. எலிமெண்ட்டுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பவுடர் ஈரத்தை இழுக்கும். கழற்றி, 120 டிகிரி ஓவனில் சில மணி நேரம் வைத்து, ஆறிய பிறகு மறுபடி மெக்கர் போடுங்கள். பல எலிமெண்ட்டுகள் பிழைத்துவிடும். கஸ்டமர் காசை மிச்சம் பிடித்துக் கொடுத்தால் அவர் அடுத்த தடவையும் உங்களைத்தான் கூப்பிடுவார்.

முதல் சூட்டிலேயே அளவு பார்ப்பது

கேபிலரி வகை தெர்மோஸ்டாட் முதல் தடவை கொஞ்சம் தாண்டித்தான் நிற்கும். மூன்று தடவையாவது ஆன், ஆஃப் ஆகட்டும், பல்புக்குப் பக்கத்தில் ஒரு அங்குலத்தில் அளங்கள், பிறகு அளவைத் திருத்தும் திருகைத் தொடுங்கள்.

எண்ணெய் இல்லாமல் எலிமெண்ட்டை ஆன் செய்வது

'சும்மா ஒரு செகண்ட்' என்பதும் வேண்டாம்.

மடிந்த கேபிலரியை நிமிர்த்துவது

மாற்றுங்கள்.

மாஸ்டரிடம் பேசாமல் வருவது

புகார் சொல்வது ஓனர் அல்லது மேனேஜர். ஃப்ரையர் முன்னால் நாள் முழுக்க நிற்பது வேறு ஆள். அவரிடம் "எப்பண்ணே ட்ரிப் ஆகுது, கூட்டத்துலயா, சும்மா இருக்கும்போதா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த சிக்கன் கடைக் கோளாறு வாசலிலேயே பாதி தெரிந்திருக்கும், ஏனென்றால் கூட்டத்தில் ஓடி, சும்மா இருக்கும்போது சூடு ஏறுகிற ஃப்ரையரில் ஹீட்டிங் எங்கோ நிற்காமல் ஓடுகிறது. எண்ணெய் எப்போது மாற்றினார்கள், யார் கழுவினார்கள், வனஸ்பதியைக் கட்டியாகவே போட்டு ஆன் செய்கிறார்களா, இதற்கு முன் வேறு யாராவது வந்து கை வைத்தார்களா என்பதையும் அவரிடமே கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், டூல் பாக்ஸைத் திறந்ததும் ஹை-லிமிட் டெர்மினலில் வயர் துண்டு கிடக்கிறதா என்று பாருங்கள்.