கார் ஸ்டீரியோ பாடவில்லையா? செட்டை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் பழைய காரில் ஏறும்போது சில வளைவுகளில் மட்டும் பாட்டு பொசுக்கென்று நிற்கும், நேரான பாதைக்கு வந்ததும் தானாகப் பாடும். கீழே இறங்கியதும் ஒரு கடையில் காட்டினேன். "செட் போயிருச்சு சார், புதுசு போட்டுக்குங்க" என்றார்கள். மனசு ஒப்பவில்லை. வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே செட்டை வெளியே இழுத்துப் பார்த்தேன். கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் கறுப்பு எர்த் வயரைச் சும்மா முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் பசை இளகி, முறுக்கு பாதி கழன்றிருந்தது. வண்டி சாயும்போதெல்லாம் வயர் விலகியிருக்கிறது. அதைச் சரிசெய்ததும், அதே செட் இன்றுவரை பாடுகிறது.

வேலூர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்தும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். டேஷ்போர்டுக்குள் அடுப்புச் சூடு. சாதாரண இன்சுலேஷன் டேப் இரண்டு கோடை தாங்கினால் பெரிது. அதனால் செட்மேல் பழி போடும் முன் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

தேவையானவை: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் (சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும்), 10 எம்எம் ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சில ஃபியூஸ், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி வயரை இறுக்கும் குழாய்), இரண்டு மூன்று மீட்டர் வயர்.

ஓர் எச்சரிக்கை. ஏர்பேக் உள்ள வண்டி என்றால், மஞ்சள் உறை போட்ட வயர்களிலும் மஞ்சள் கப்ளர்களிலும் (வயர்களை இணைக்கும் பிளக்) கை வைக்காதீர்கள், மீட்டரும் வைக்காதீர்கள். வயரை வெட்டவோ ஒட்டவோ போகிறீர்கள் என்றால், முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

படி 1: பேட்டரி

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். 12.2க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் போட வேண்டும். இஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.4 வரை இருக்கும். ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் செட் அணைந்து மறுபடி ஆன் ஆனால் பயப்பட வேண்டாம், பல வண்டிகளில் அது இயல்புதான்.

படி 2: ஃபியூஸ்

இரண்டு இடத்தில் பாருங்கள்: வண்டியின் ஃபியூஸ் பெட்டியில் ஒன்று, செட்டின் முதுகில் ஒன்று. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபியூஸைப் பிடுங்காமலே சோதிக்கலாம். அதன் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். சாவியைப் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையை வண்டியின் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வைத்து, சிவப்பு முனையால் இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். ஒன்றில் 12 வோல்ட், இன்னொன்றில் பூஜ்யம் என்றால் ஃபியூஸ் போய்விட்டது.

சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. எது இருந்ததோ அதையே போடுங்கள். பெரிய ஃபியூஸ் போட்டாலோ, சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றினாலோ ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும். போட்டவுடன் மறுபடி போகிறது என்றால், எங்கோ ஒரு வயர் வண்டியின் பாடியில் (உலோக உடலில்) உரசுகிறது.

படி 3: மஞ்சள், சிவப்பு, கறுப்பு

இந்த நிறங்கள் வெளியில் வாங்கிப் போடும் செட்டுடன் வரும் வயருக்கு. வண்டியோடு வந்த கப்ளரில் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அங்கே நிறத்தை நம்பாமல் அளந்து பாருங்கள்.

செட்டின் மஞ்சள் வயரில் (மேலே சொன்ன ஏர்பேக் மஞ்சள் அல்ல) சாவி இல்லாவிட்டாலும் 12 வோல்ட் இருக்க வேண்டும். கடிகாரமும் எஃப்எம் ஸ்டேஷன்களும் ஒவ்வொரு முறையும் அழிந்துபோனால், மஞ்சளுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது மஞ்சளும் சிவப்பும் மாறியிருக்கின்றன. சிவப்பில் சாவி போட்டால் மட்டும் வர வேண்டும். சாவி எடுத்த பிறகும் வருகிறது என்றால், யாரோ இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். காலையில் பேட்டரி படுத்துவிடுவதற்கு அது காரணமாக இருக்கலாம்.

கறுப்புதான் முக்கியம், இங்கே நிதானமாகப் பாருங்கள். பலர் மீட்டரை 'பீப்' சத்தத்தில் வைத்து, பீப் வந்ததும் எர்த் நல்லாயிருக்கு என்று விட்டுவிடுவார்கள். என் காரிலும் அப்படித்தான் பீப் வந்தது. ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் வரும், ஆனால் சத்தம் கூட்டினால் அந்த ஓர் இழை கரண்டைத் தாங்காது. ஆகவே, பாட்டு ஓடும்போது அளக்க வேண்டும். மீட்டர் வயர் பேட்டரி வரை எட்டாது. எடுத்து வைத்த நீள வயரை பேட்டரி நெகட்டிவில் கட்டி, கதவு வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். அதில் கறுப்பு முனை, செட்டின் கறுப்பு வயரில் சிவப்பு முனை. சத்தத்தைக் கூட்டுங்கள். 0.1 வோல்ட் பக்கம் காட்டினால் நல்லது. 0.5 காட்டினால் எர்த் சரியில்லை. பாடியில் பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்ற உலோகத்தில் போல்ட் வைத்து இறுக்குங்கள். வயர் இணைப்பை சால்டர் செய்து (ஈயம் உருக்கி ஒட்டி) ஸ்லீவ் போடுங்கள். சால்டர் செய்யும் முன்பே ஸ்லீவை வயரில் கோத்துவிட வேண்டும், அப்புறம் நுழைக்க முடியாது.

படி 4: ஸ்பீக்கர்

செட்டில் லைட் எரிகிறது, சத்தம் இல்லையா? கப்ளரைக் கழற்றிவிட்டு ஓம் அளவில் பாருங்கள். வெள்ளை ஜோடி முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொரு ஜோடியிலும் கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 4 வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் வயர் அறுந்திருக்கலாம். கதவு மடங்கும் இடத்தில் உள்ள ரப்பர் குழாயை முதலில் பாருங்கள், தினமும் மடங்கி மடங்கி அங்கேதான் அறும். ஸ்பீக்கர் வயர் எதுவும் பாடியைத் தொடக் கூடாது. தொட்டால் செட் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஸ்பீக்கரின் நெகட்டிவைப் பாடியில் எர்த் செய்வதும் தவறு.

ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க 'ஙொய்ங்' என்ற சத்தம் ஏறினால், பெரும்பாலும் எர்த் கோளாறு. ஆம்ப்ளிஃபயர் இருந்தால், பாட்டு வரும் கேபிளைப் பவர் வயரோடு சேர்த்துக் கட்டாமல், வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுபோங்கள்.

எல்லாம் முடிந்ததும் செட்டை உடனே உள்ளே தள்ளாதீர்கள். பாட்டைப் போட்டுவிட்டு, பின்னால் உள்ள வயர்க் கட்டைக் கையால் இப்படியும் அப்படியும் அசையுங்கள். ஒரு நொடிகூட நிற்காமல் பாடினால், பிராக்கெட்டின் கூர் விளிம்பில் வயர் படாமல் ஒதுக்கி வைத்து மூடுங்கள்.