டி4 வைரஸின் சர்க்கரை நொதி: படிகக் கட்டமைப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் டி4 பேஜின் டிஎன்ஏவில் சாதாரண சைட்டோசின் கிடையாது. அந்த இடத்தில் 5-ஹைட்ராக்ஸிமெத்தில்சைட்டோசின் இருக்கும், அதன் மேல் ஒரு குளுக்கோஸ் ஒட்டியிருக்கும். பாக்டீரியாவின் வெட்டு நொதிகளிடமிருந்து தப்பிக்க வைரஸ் போர்த்திக்கொள்ளும் போர்வை இது. குளுக்கோஸை ஒட்டுபவை இரண்டு நொதிகள்: ஆல்ஃபா குளுக்கோசில்டிரான்ஸ்ஃபெரேஸ், பீட்டா குளுக்கோசில்டிரான்ஸ்ஃபெரேஸ். இரண்டாவதன் பெயரைச் சுருக்கி பிஜிடி என்பார்கள். 351 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதத்தின் படிகக் கட்டமைப்பு 1994இல் 2.2 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளிவந்தது. பின்னர் அதே நொதிக்குப் பல கட்டமைப்புகள் சேர்ந்தன. புரதக் கட்டமைப்புகளைச் சேமித்து வைக்கும் தரவு வங்கியிலிருந்து ஏதோ ஒரு கட்டமைப்புக் கோப்பை இறக்கிவிட்டு, வினை முழுவதும் அதில் தெரிகிறது என்று நம்புவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதலில் ஒரு சின்னத் தவறு. ஹைட்ராக்ஸிமெத்தில் குழுவும் டிஎன்ஏ மேல்தான் ஒட்டப்படுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். மனித உடலில் டிஎன்ஏ மேல் ஏற்கெனவே உள்ள மெத்தில் குழுவை டெட் நொதிகள் அங்கேயே ஹைட்ராக்ஸிமெத்திலாக மாற்றுகின்றன. டி4இல் கதை வேறு: டிஎன்ஏவின் ஒற்றை அலகான தனி நியூக்ளியோடைடாக இருக்கும்போதே அந்தக் குழு சேர்ந்துவிடுகிறது, அதன் பிறகே அது டிஎன்ஏவில் கோக்கப்படுகிறது. டிஎன்ஏ உருவான பின் நடப்பது குளுக்கோஸ் ஒட்டும் வேலை மட்டுமே.

ஆல்ஃபாவும் பீட்டாவும்

நொதியின் பெயரில் இருக்கும் 'பீட்டா' விளைபொருளின் பிணைப்பைக் குறிக்கிறது. மூலப்பொருளான யூடிபி-குளுக்கோஸில் (யூடிபி என்ற மூலக்கூறு சுமந்து வரும் குளுக்கோஸ்) சர்க்கரை ஆல்ஃபா பிணைப்பில்தான் இருக்கிறது. பிஜிடி அதைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டுகிறது. ஆல்ஃபா நொதி திருப்பாமல் ஒட்டுகிறது. மாதிரி வரையும்போது பெயரை நம்பி யூடிபியோடு பீட்டா குளுக்கோஸை இணைத்துவிட்டால் முதல் கார்பனில் திசை மாறிவிடும், அதன் பிறகு கணக்கிடும் தூரம் எதுவும் பொருந்தாது. கோப்பைத் திறந்தவுடன் அந்தக் கார்பனை ஒருமுறை சரிபாருங்கள்.

டி4இல் சுமார் 70 சதவீதம் ஆல்ஃபா, 30 சதவீதம் பீட்டா. இதை டி2, டி6 பேஜ்களுக்கும் பொதுவாக எழுதிவிடக் கூடாது. அவற்றில் கால்வாசி ஹைட்ராக்ஸிமெத்தில்சைட்டோசின் சர்க்கரையே இல்லாமல் இருக்கும். டி6இல் பெரும்பாலானவற்றின் மேல் ஒன்றுக்கு இரண்டு குளுக்கோஸ் இருக்கும்.

நொதியின் வினைக் குழிக்குள் என்ன இருக்கிறது?

இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். 1994 கட்டமைப்பு யூடிபி-குளுக்கோஸுடன் தீர்க்கப்பட்டது என்று தலைப்பிலேயே இருக்கும். ஆனால் அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் எலக்ட்ரான் அடர்த்தி தெளிவாகத் தெரிந்தது யூடிபி பகுதிக்கு மட்டும்தான். குளுக்கோஸ் அறுந்து போயிருக்கலாம், நிலையில்லாமல் அசைந்துகொண்டிருந்திருக்கலாம். எப்படியானாலும் அந்தக் கோப்பை வைத்துக் குளுக்கோஸ் எந்த அமினோ அமிலத்தைத் தொடுகிறது என்று அளக்க முடியாது. அதற்கு 2003இல் வந்த கட்டமைப்புகளை எடுக்க வேண்டும். அவற்றில் ஒன்று, 100ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலத்தை அலனினாக மாற்றிய வடிவம். ஹைட்ராக்ஸில் குழுவிலிருந்து புரோட்டானை இழுக்கும் காரம் அந்த அஸ்பார்ட்டிக் அமிலம்தான். அது இல்லாததால் வினை நின்றுபோகிறது, குளுக்கோஸ் முழுசாகக் குழிக்குள் தங்குகிறது.

2002இல் வந்த டிஎன்ஏ கூட்டுக் கட்டமைப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. அதில் உள்ள 13 நியூக்ளியோடைடு துண்டில், நொதி பிடிக்க வேண்டிய இடத்தில் காரத்தளமே கிடையாது, வெறும் சர்க்கரை முதுகெலும்புதான். இலக்குக் காரத்தளம் இரட்டைச் சுருளிலிருந்து வெளியே புரட்டப்படுகிறது என்ற முடிவுக்கு அந்தக் கட்டமைப்பு வழிகாட்டியது உண்மை. புரட்டப்பட்ட ஹைட்ராக்ஸிமெத்தில்சைட்டோசினை அதில் பார்த்தோம் என்று எழுதுவது தவறு. அதே குழியில் ஒரு டிரிஸ் மூலக்கூறும் உட்கார்ந்திருக்கிறது. டிரிஸ் நாம் ஊற்றும் தாங்கல் கரைசலின் சரக்கு. ஆனால் அதன் நேர்மின்னூட்டமும் ஹைட்ராக்ஸில்களும் வினையின் இடைநிலையில் உள்ள சர்க்கரையைப் போலவே நடிக்கின்றன. தண்ணீரோடு தண்ணீராக அதை அழித்துவிட்டுப் படம் போடுபவர், அந்தக் கோப்பில் இருப்பதிலேயே சுவையான தகவலைத் தூக்கி எறிகிறார்.

திறந்த வடிவில் டாக்கிங்

பிஜிடிக்கு இரண்டு பகுதிகள், நடுவே ஆழமான பிளவு. யூடிபி பிளவின் அடியில், பின்முனைப் பகுதியோடு மட்டும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொள்கிறது. அது உள்ளே வந்ததும் நடுவிலுள்ள கீல் மடங்கி இரு பகுதிகளும் நெருங்குகின்றன. காலியான நொதியின் கோப்பில் மூலக்கூறுகளைக் கணினியில் பொருத்திப் பார்த்து (இதுதான் டாக்கிங்) நல்ல மதிப்பெண் வரவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை; கதவு திறந்து கிடக்கும்போது தாழ்ப்பாள் எங்கே பொருந்தும்? மூடிய வடிவத்தை எடுங்கள்.

உலோகத்திலும் பாடப்புத்தக விதியை அப்படியே போடாதீர்கள். ஜிடி-பி மடிப்பு (சர்க்கரை ஒட்டும் நொதிகளின் வடிவ வகைகளில் ஒன்று) கொண்ட நொதிகளுக்குப் பொதுவாக உலோக அயனி வேண்டாம் என்பார்கள். பிஜிடி ஜிடி-பி மடிப்புதான், ஆனாலும் அதற்கு மெக்னீசியமோ மாங்கனீசோ தேவை. வேலை முடிந்தபின் யூடிபியை வெளியேற்ற அந்த அயனி உதவுவதாகக் கட்டமைப்புகள் காட்டுகின்றன. அமினோ அமில வரிசை ஒப்பீட்டை மட்டும் நம்புவதும் ஏமாற்றும். பிஜிடியின் மடிப்பு, கிளைகோஜனை உடைக்கும் நொதியான கிளைகோஜன் பாஸ்பாரிலேஸை ஒத்தது. 1995இல் இதைக் காட்டியது முப்பரிமாண ஒப்பீடு.

சோதனைக் குழாயில்

ஹைட்ராக்ஸிமெத்தில்சைட்டோசினைக் கண்டறிய இந்த நொதியைப் பயன்படுத்துபவர்கள் செய்யும் தவறுகள் தனி ரகம். வழக்கமான 50 மைக்ரோலிட்டர் வினையில் 2 மில்லிமோலார் யூடிபி-குளுக்கோஸ் 1 மைக்ரோலிட்டர் சேர்ப்பார்கள். அதாவது 40 மைக்ரோமோலார், மொத்தம் 2 நானோமோல் சர்க்கரை. பாலூட்டி டிஎன்ஏவுக்கு இது தாராளம். ஆனால் சர்க்கரையற்ற டி4 டிஎன்ஏ 5 மைக்ரோகிராம் போட்டால், அதில் ஒட்டவேண்டிய இடங்களே ஏறக்குறைய 2.6 நானோமோல் வரும். சர்க்கரை பாதியில் தீர்ந்துவிடும், பழி நொதியின் மேல் விழும்.

டிஎன்ஏ கரைத்திருக்கும் திரவத்தில் உள்ள, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏவைக் கண்டு சிலர் அளவுக்கு மீறி அஞ்சுகிறார்கள். 1 மில்லிமோலார் கரைசலில் 20 மைக்ரோலிட்டர் சேர்ந்தாலும் இறுதியில் 0.4 மில்லிமோலார்தான், தாங்கல் கரைசலில் 10 மில்லிமோலார் மெக்னீசியம் இருந்தால் தாங்கும். பத்து மடங்கு செறிவான கரைசலில் இருந்தால்தான் சிக்கல்.

குளுக்கோஸ் ஏறியதா என்று டிஎன்ஏவை வெட்டிப் பார்க்க எம்எஸ்பி-1 நொதியை எடுங்கள். சிசிஜிஜி என்ற டிஎன்ஏ எழுத்து வரிசையின் உள் சைட்டோசினில் மெத்தில் இருந்தாலும் ஹைட்ராக்ஸிமெத்தில் இருந்தாலும் அது வெட்டும், குளுக்கோஸ் ஏறினால் மட்டும் நின்றுவிடும். எச்பிஏ-2 நொதி மெத்திலுக்கே நின்றுவிடும் என்பதால் அது தனியாக உதவாது.

கட்டுப்பாட்டு மாதிரியாகச் சாதாரண டி4 டிஎன்ஏவை வைப்பது எல்லாவற்றையும்விட வேடிக்கையான தவறு. அதில் ஒவ்வொரு இடமும் ஏற்கெனவே சர்க்கரை ஏறியது, பிஜிடிக்குச் செய்ய வேலையே இல்லை. இரண்டு சர்க்கரை நொதிகளையும் இழந்த பிறழ்வு பேஜின் டிஎன்ஏ வேண்டும். அந்தப் பேஜை மெக்ஆர்ஏ, மெக்ஆர்பிசி வெட்டு அமைப்புகள் இல்லாத ஈ.கோலை வகையில்தான் வளர்க்க முடியும். சாதாரண வகையில் விட்டால், போர்வை இல்லாத அந்த டிஎன்ஏவைப் பாக்டீரியா உள்ளே நுழைந்ததுமே துண்டுதுண்டாக வெட்டிவிடும்.