சைட்ல இருந்து கோஆர்டினேட்டரா வந்துட்டீங்களா? ஆரம்பத்துல இருந்து டிஓபி (குடியேற்ற அனுமதி) வரைக்கும் சிங்கப்பூர் கட்டட வேலைய எப்படி நடத்தறதுன்னு சொல்றேன்

சூப்பர்வைசரா நாலஞ்சு வருஷம் வெயில்ல நின்னுட்டு, பார்ட் டைம்ல ஒரு டிப்ளமாவோ டிகிரியோ முடிச்சிருப்பீங்க, ஒரு நாள் "நாளையில இருந்து நீதான் கோஆர்டினேட்டர்"னு சொல்லி கண்டெய்னர் ஆபீஸ்ல ஒரு டேபிளும் லேப்டாப்பும் குடுத்துடுவாங்க. அதுக்கப்புறம் என்ன பண்ணணும்னு பக்கத்துல உக்காந்து யாரும் சொல்லித் தர மாட்டாங்க, அவங்கவங்களுக்கு அவங்கவங்க வேலை. போன ஞாயித்துக்கிழமை தேக்காவுல ரெண்டு தம்பிங்க இதையேதான் கேட்டாங்க, ஒருத்தர் தெங்கா பக்கம் பிடிஓ (அரசாங்க அடுக்குமாடி வீடு) சைட், இன்னொருத்தர் துவாஸ்ல ஃபேக்டரி. அவங்களுக்குச் சொன்னத கொஞ்சம் விரிவாவே எழுதறேன், இந்த வேலைக்கு வர்ற நம்ம ஆளுங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க.

முதல்ல ஒண்ண மனசுல வச்சுக்கங்க. சைட்ல நாள் வீணாப் போறது பெரும்பாலும் ஆளுங்க மெதுவா செய்யறதால இல்ல, யாராவது ஒருத்தர் ஒரு பதில் சொல்லாம இருக்கறதாலதான். டைல் ஒட்டறவர் கெட்டிக்காரர், ஆனா எந்த டைல்னு ஓனர் இன்னும் சொல்லல. கம்பி கட்டறவங்க ரெடி, ஆனா பீம்ல பைப் எங்க போகுதுன்னு எம்அண்ட்இ (கரண்ட், பைப், ஏசி வேலை பாக்கற டீம்) இன்னும் டிராயிங் குடுக்கல. யாரு யாருகிட்ட இருந்து என்ன பதிலுக்கு காத்திருக்காங்க, அது எந்த தேதிக்குள்ள வரணும், வரலன்னா எது நிக்கும், இந்த மூணையும் எப்பவும் கையில வச்சிருக்கறதுதான் உங்க வேலை. ஒரு எக்செல் ஷீட் போதும், பெரிய சாஃப்ட்வேர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

புரோக்ராம் (வேலை அட்டவணை) போடும்போது கடைசில இருந்து முன்னாடி வாங்க. கடைசின்னா டிஓபி, பிசிஏ (கட்டட ஆணையம்) குடுக்கற தற்காலிக குடியேற்ற அனுமதி, அது கெடைச்சாத்தான் கட்டடத்துக்குள்ள ஆளுங்க வர முடியும். அதுக்கு முன்னாடி எஸ்சிடிஎஃப் (சிவில் தற்காப்புப் படை) பக்கம் தீயணைப்பு இன்ஸ்பெக்‌ஷன் முடியணும், அதுக்கு முன்னாடி ஸ்பிரிங்க்ளர், ஃபயர் அலாரம், லிஃப்ட் எல்லாம் டெஸ்ட் ஆகணும், டெஸ்ட் பண்ணணும்னா நிரந்தர கரண்ட் வந்திருக்கணும், கரண்ட் வரணும்னா சப்ஸ்டேஷன் ரூம எஸ்பி குரூப் (கரண்ட் லைன் குடுக்கற கம்பெனி) கேக்கற மாதிரி முடிச்சு அவங்ககிட்ட ஒப்படைச்சிருக்கணும். இப்ப பாருங்க, தரைத்தளத்துல மூலையில இருக்கற, யாரும் எட்டிப் பாக்காத அந்த ரூம்தான் மொத்த கட்டடத்தோட தேதியையும் புடிச்சு வச்சிருக்கு. எல்லாரும் மேல மேல மாடி ஏத்தறதுலயே குறியா இருப்பாங்க, நீங்க அந்த ரூமோட தரை, கேபிள் போற பள்ளம், கதவு, காத்தோட்டம் எல்லாம் எப்ப முடியுதுன்னு தனியா ஒரு கண் வச்சிருங்க.

அனுமதி விஷயத்த சுருக்கமா சொல்றேன். யுஆர்ஏகிட்ட (நகரத் திட்ட ஆணையம்) திட்ட அனுமதி, பிசிஏகிட்ட பில்டிங் பிளான், ஸ்ட்ரக்சுரல் பிளான், அது தவிர எஸ்சிடிஎஃப், பியூபி (தண்ணி), என்இஏ (சுற்றுச்சூழல்), எல்டிஏ (ரோடு, ரயில்), என்பார்க்ஸ் (மரம், பூங்கா). இதுக்கெல்லாம் கையெழுத்து போடற தகுதி கியூபிக்குத்தான் உண்டு, அதாவது பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் அல்லது புரொபஷனல் இன்ஜினியர். புதுசா வர்றவங்க தடுமாறற இடம் ஒண்ணு இருக்கு, ஸ்ட்ரக்சுரல் பிளான் அப்ரூவ் ஆயிடுச்சுன்னா வேலைய ஆரம்பிச்சிடலாம்னு நினைச்சுக்கறாங்க, அப்படி கிடையாது, வேலை தொடங்கறதுக்கு தனியா பெர்மிட் வாங்கணும், அது கையில வராம மண்வெட்டி வைக்காதீங்க.

இப்ப கோர்நெட் எக்ஸ்னு பிளான் சப்மிட் பண்ற ஆன்லைன் முறை வந்திருக்கு. முன்னாடி ஒவ்வொரு ஏஜென்சிக்கும் தனித்தனியா பிளான் போகும், இப்ப ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சர், எம்அண்ட்இ மூணும் சேந்த ஒரே பிஐஎம் மாடல (கம்ப்யூட்டர்ல போட்ட 3டி கட்டடம்) எல்லா ஏஜென்சியும் ஒண்ணா பாக்கறாங்க, டிசைன், கட்டுமானம், நிறைவுன்னு மூணு கேட்வே, அதாவது அனுமதி வாங்கற கட்டம். 2025 அக்டோபர்ல இருந்து 30,000 சதுர மீட்டர் அல்லது அதுக்கு மேல இருக்கற புது புராஜெக்ட்டுக்கு கட்டாயம். இதுனால நம்ம வேலை எப்படி மாறுதுன்னா, "சீலிங் உயரம் அப்புறம் பாத்துக்கலாம், டக்ட் எங்க போனா என்ன"ன்னு தள்ளிப் போட முடியாது, சப்மிட் பண்றதுக்கு முன்னாடியே முடிவு வாங்கியாகணும். கிளையன்ட்டுக்கு இத முதல் மீட்டிங்லயே மரியாதையா, தெளிவா சொல்லிடுங்க.

அடுத்தது டிராயிங் ரெஜிஸ்டர், அதாவது எந்த டிராயிங்ல எந்த ரிவிஷன் யார் கையில இருக்குங்கற பதிவு, இத நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன், ஏன்னா பட்டிருக்கேன். சில வருஷம் முன்னாடி ஒரு சைட், அஞ்சாவது மாடி டாய்லெட் பக்கம், எம்அண்ட்இ ஷாப் டிராயிங் ரிவிஷன் சி வந்து நாலு நாள் ஆச்சு, ஃபார்ம்வொர்க் (கான்கிரீட்டுக்கு அச்சுப் பலகை அடிக்கற) ஆளுங்க கையில இருந்தது ரிவிஷன் பி. அதுல சானிட்டரி பைப்புக்கு ஸ்லீவ் (பைப் போக முன்னாடியே விடற ஓட்டை) இல்ல. பீம் கான்கிரீட் போட்டு முடிச்சுட்டாங்க, அடுத்த நாள் காலையில பிளம்பிங் சூப்பர்வைசர் வந்து "அண்ணே, ஓட்டை எங்கண்ணே"ன்னு கேட்டப்பதான் தெரிஞ்சுது. பீம்ல கோரிங் (மெஷின் வச்சு ஓட்டை) அடிக்கணும்னா நம்ம இஷ்டத்துக்கு அடிக்க முடியாது, ஸ்ட்ரக்சர் இன்ஜினியர் கணக்கு போட்டு பாத்து ஒத்துக்கணும், கம்பி எங்க போகுதுன்னு ஸ்கேன் எடுக்கணும், அந்த ஒரு ஓட்டைக்கு மூணு வாரம் போச்சு, அதுவரைக்கும் கீழ் மாடி சீலிங்க மூட முடியல.

அதுல இருந்து நான் பண்றது இதுதான். புது ரிவிஷன் வந்த அன்னைக்கே யார் யாருக்கு குடுத்தேன்னு தேதியோட எழுதி கையெழுத்து வாங்குவேன், அதே கையோட பழைய பேப்பர திரும்ப வாங்கி கிழிச்சுடுவேன். கான்கிரீட்டுக்கு முந்தின நாள் ஸ்ட்ரக்சர் டிராயிங், எம்அண்ட்இ டிராயிங், ஆர்க்கிடெக்ட் டிராயிங் மூணையும் கையில எடுத்துட்டு எம்அண்ட்இ ஆளையும் கூட்டிட்டு போய் ஒவ்வொரு ஓப்பனிங்கா டேப் வச்சு அளப்பேன். அரை மணி நேரம் ஆகும். தயவுசெஞ்சு இத விட்டுடாதீங்க.

ஆர்எஃப்ஐ, அதாவது கன்சல்டன்ட்கிட்ட விளக்கம் கேக்கற லெட்டர், எழுதறதுலயும் ஒரு முறை இருக்கு. "டிராயிங் தெளிவா இல்ல, விளக்கம் தேவை"ன்னு எழுதினா கன்சல்டன்ட் அத அப்படியே ஓரமா வச்சுடுவாங்க. ஒரு ஆர்எஃப்ஐல ஒரே ஒரு கேள்வி, எந்த மாடி, எந்த கிரிட் லைன் (டிராயிங்ல இடத்த காட்டற கோடு), எந்த டிராயிங் நம்பர், ஒரு ஃபோட்டோ, அப்புறம் "நாங்க இப்படி செய்யலாம்னு நினைக்கிறோம், சரியா"ன்னு நம்ம பக்கத்து யோசனை, கடைசியா "இந்த தேதிக்குள்ள பதில் வரலன்னா ஏழாம் மாடி ஸ்லாப் கான்கிரீட் நிக்கும்". பதில் சொல்றவருக்கு ஆமா இல்லன்னு ஒரு வார்த்தைல முடிக்கற மாதிரி இருந்தா பதில் சீக்கிரம் வரும், அவங்க மேசையிலயும் நூறு பேப்பர் கிடக்கும் இல்லையா.

மாஸ்டர் புரோக்ராம் சுவத்துல தொங்கும், ஆனா வேலை நடக்கறது மூணு வார லுக்அஹெட்லதான் (அடுத்த மூணு வாரத்துக்கான சின்ன அட்டவணை). வாராவாரம் ஒரே நாள், ஒரே நேரம், எல்லா சப்கான் (துணை ஒப்பந்தக்காரர்) சூப்பர்வைசரையும் கூப்பிட்டு உக்கார வைங்க, அடுத்த மூணு வாரத்துல என்ன வேலை, அதுக்கு ஆள் இருக்கா, சாமான் வந்துச்சா, டிராயிங் அப்ரூவ் ஆச்சா, முன்னாடி வேலை பாத்த டீம் இடத்த விட்டுக் குடுத்தாச்சான்னு ஒவ்வொண்ணா கேளுங்க. தேதிய நீங்க சொல்லாதீங்க, அவங்க வாயால சொல்ல வைங்க. நாம சொன்ன தேதிக்கு தலையாட்டுவாங்க, அவங்களே சொன்ன தேதின்னா காப்பாத்தப் பாப்பாங்க.

சிங்கப்பூர் காலண்டரையும் உள்ள வைக்கணும். வீடு, ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல இருந்து 150 மீட்டருக்குள்ள சைட் இருந்தா, 2011 செப்டம்பர் 1 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ ஆரம்பிச்ச வேலைன்னா, சனிக்கிழமை ராத்திரி 10 மணியில இருந்து திங்கள் காலை 7 மணி வரைக்கும் வேலை கூடாது, பொது விடுமுறைக்கும் இதே மாதிரிதான், அதனால "ஞாயித்துக்கிழமை புடிச்சுக்கலாம்"ங்கற நினைப்பே வேண்டாம். சீனப் புத்தாண்டு ரெண்டு நாள் லீவுதான், ஆனா சப்ளையர், லாரி, சப்கான் எல்லாம் பழைய நிலைக்கு வர ரெண்டு வாரம் ஆகும். தீபாவளி, பொங்கலுக்கு நம்ம ஆளுங்க ஊருக்கு போறத மூணு மாசம் முன்னாடியே கேட்டு எழுதி வச்சுக்கங்க, பாவம் வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்த பாக்கப் போறாங்க, கடைசி நேரத்துல டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்ற நிலைமைய கொண்டு வராதீங்க. வருஷக் கடைசி மழை, மத்தியான இடி மின்னல், கேட் ஒன் (மின்னல் எச்சரிக்கை) அடிச்சா கிரேன் நிக்கும், அந்த மணிநேரத்தையும் கணக்குல விட்டு வைங்க.

பாதுகாப்ப சேஃப்டி ஆபீசர் பாத்துப்பாருன்னு விட்டுடாதீங்க. 10 மில்லியன் வெள்ளி அல்லது அதுக்கு மேல ஒப்பந்தம் இருக்கற வேலைக்கு 2016ல இருந்து டிசைன் ஃபார் சேஃப்டி சட்டப்படி கட்டாயம், அதாவது டிசைன் பண்ணும்போதே எங்க ஆள் விழுவாங்க, பின்னாடி கண்ணாடி துடைக்கறவர் எப்படி நிப்பாருன்னு யோசிச்சு எழுதணும். அந்த மீட்டிங்ல நீங்க வாயத் திறந்து பேசணும், ஏன்னா சாரத்துல நின்னு வேலை பாத்த ஆளு அந்த ரூம்ல நீங்க ஒருத்தர்தான் இருப்பீங்க.

1986ல இங்க ஹோட்டல் நியூ வேர்ல்ட் இடிஞ்சு 33 பேர் செத்தாங்க, கணக்குல கட்டடத்தோட சொந்த எடையே சேக்கப்படல. அதுக்கப்புறம்தான் டிசைன இன்னொரு இன்ஜினியர் தனியா சரிபாக்கணும்னு அக்ரெடிட்டட் செக்கர் முறை வந்துச்சு. 2004 ஏப்ரல் 20, நிக்கல் ஹைவேயில சர்க்கிள் லைனுக்காக தோண்டின பள்ளம் சரிஞ்சு 4 பேர் போனாங்க, அதுல ஒரு ஃபோர்மேன் தன் ஆளுங்கள மேல ஏத்தி விட்டுட்டு தான் மாட்டிக்கிட்டார். பள்ளத்து சுவர தாங்கற குறுக்கு இரும்புங்க, அதாவது ஸ்ட்ரட்டும் வேலரும், சேர்ற இடத்துல டிசைன் தப்பு, ஆனா அதோட இன்னொண்ணும் விசாரணையில வந்துச்சு, சுவர் அசையற ரீடிங் அளவ தாண்டினப்ப வேலைய நிறுத்தாம, கணக்க திரும்பப் போட்டு அந்த அளவையே ஏத்திக்கிட்டாங்க. உங்க டேபிளுக்கு தினமும் இன்க்ளினோமீட்டர் (சுவர் சாயற அளவு), செட்டில்மென்ட் (மண் இறங்கற அளவு) ரீடிங் வரும், அத ஃபைல்ல போடறதுக்கு முன்னாடி படிங்க, அலர்ட் லெவல தாண்டியிருந்தா ஃபோன எடுத்து இன்ஜினியர்கிட்ட நேரா பேசுங்க, ராத்திரியா இருந்தாலும் சரி. கீழ நிக்கறது நம்ம புள்ளைங்க.

இப்ப காசு. கிளையன்ட்டோட ஆள் சைட்டுக்கு வந்து "இந்த சுவத்த கொஞ்சம் தள்ளிக் கட்டுப்பா"ன்னு வாயால சொல்லிட்டு போவார். அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சிவிஐ (வாயால சொன்னத உறுதிப்படுத்தற லெட்டர்) எழுதி ஈமெயில் போடுங்க, என்ன சொன்னார், எப்ப சொன்னார், இதுக்கு செலவும் நாளும் ஆகும்னு. விஓ (மாத்தின வேலைக்கான) பணமும் சரி, ஈஓடி (கூடுதல்) நாளும் சரி, இந்த ஈமெயில் இல்லன்னா கேக்கறது ரொம்பக் கஷ்டம். வாட்ஸாப்ல பேசினதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே ஈமெயில்ல சேத்துடுங்க.

மாசா மாசம் பேமென்ட் கிளெயிம் தேதி தவறாம போகணும். 2005 ஏப்ரல்ல அமலுக்கு வந்த செக்யூரிட்டி ஆஃப் பேமென்ட் சட்டம் நமக்கு பெரிய துணை. கிளெயிம் போட்டா காண்ட்ராக்ட்ல சொன்ன நாளுக்குள்ள, எவ்வளவு போனாலும் 21 நாளுக்குள்ள, எதிர்த்தரப்பு எவ்வளவு தருவோம், ஏன் குறைக்கறோம்னு பதில் தரணும். தரலன்னா 7 நாள் பேசித் தீக்கற அவகாசம், அதுக்கும் அடுத்த 7 நாளுக்குள்ள சிங்கப்பூர் மீடியேஷன் சென்டர்ல அட்ஜுடிகேஷனுக்கு (நடுவர் தீர்ப்புக்கு) போகலாம். அந்த ரெண்டாவது 7 நாள் ஓடிடும், காலண்டர்ல சிவப்புல குறிச்சு வைங்க. நீங்க மெயின்கான் (முதன்மை ஒப்பந்தக்காரர்) பக்கம்னா இதே சட்டப்படி உங்க சப்கானுக்கும் நேரத்துக்கு பதில் குடுக்கணும், அங்க சம்பளத்துக்கு காத்திருக்கறதும் நம்ம மாதிரி ஆளுங்கதான்.

டிஓபிக்கு மூணு மாசம் முன்னாடியே ரூம் ரூமா டிஃபெக்ட் லிஸ்ட் எடுக்க ஆரம்பிங்க. சாவி, அஸ்பில்ட் டிராயிங் (கட்டி முடிச்சபடி போட்டது), மெயின்டனன்ஸ் மேனுவல், வாட்டர்ப்ரூஃபிங் வாரன்டி லெட்டர் எல்லாத்தையும் சப்கானுக்கு கடைசி பேமென்ட் போறதுக்கு முன்னாடி வாங்கிடுங்க, காசு போனப்புறம் யாரும் ஃபோன் எடுக்க மாட்டாங்க. டிஃபெக்ட் பீரியட் (குறைய நாம சரி பண்ணித் தர வேண்டிய காலம்) பெரும்பாலும் 12 மாசம், பாதி ரிடென்ஷன் பணம் (பில்லுல புடிச்சு வச்சிருக்கறது) அது முடிஞ்சாத்தான் வரும், அதனால பதினோராவது மாசம் ஓனரோட ஒரு தடவை சுத்திப் பாக்க இப்பவே தேதி போட்டு வைங்க, முடிஞ்சா நல்ல மழை பெய்ஞ்ச மறுநாளா பாத்து போங்க, ஜன்னல் ஓரம் கசியுதா இல்லையான்னு அன்னைக்குத்தான் தெரியும்.