நந்தி மலையில் கறுப்பாக இருப்பதெல்லாம் ஆண்ட்ரியேயா அல்ல

ஞாயிறு விடிகாலையில் பெங்களூரிலிருந்து நந்தி மலைக்குப் போகிற கூட்டத்தில், சூரிய உதயத்தை விட்டுவிட்டுப் பாறையைப் படம் எடுப்பவர்களும் உண்டு. படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். கறுப்பாக இருக்கிறது, கிரானைட்டில் இருக்கிறது, ‘ஆண்ட்ரியேயாதான்’ என்று யாராவது தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்.

ஆண்ட்ரியேயா குளிர்ந்த உயர்மலைகளிலும் துருவத்தை ஒட்டிய நாடுகளிலும் வளரும் பாசி (moss). நந்தி மலையின் உயரம் 1,478 மீட்டர்தான். அந்தப் பெயரைச் சொல்லத் துணிபவர் வித்துப்பையை, அதாவது வித்துத்தூள் உருவாகும் சிறு பையைக் காட்டியாக வேண்டும். மற்ற பாசிகளில் பெரும்பாலும் வித்துப்பைக்கு மூடி இருக்கும். ஆண்ட்ரியேயாவில் மூடி கிடையாது. பக்கவாட்டில் நான்கு கீறல்கள் விழும், நுனி மட்டும் ஒட்டியே நிற்கும். காய்ந்தால் கீறல் விரியும், நனைந்தால் மூடிக்கொள்ளும்.

அதற்கும் முன்னால், அது பாசியா என்றே பார்க்க வேண்டும். மழைநீர் வழிந்த தடத்தில் மை கொட்டியதுபோல் தெரிவது பெரும்பாலும் நுண்ணுயிர்ப் படலம். பாறையோடு ஒட்டிய பொருக்கு லைக்கன் (பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் உயிர்). இரண்டிலும் இலை இருக்காது. செலாஜினெல்லா என்ற சிறு செடியில் இலை உண்டு, ஆனால் அது பாசி அல்ல, நீர்க்குழாய்கள் உள்ள தாவரம். காம்பின்மேல் நிற்கும் வித்துப்பையை அதில் தேடினால் கிடைக்காது.

காய்ந்த நிலையில் மட்டும் படம் எடுப்பதுதான் என் கணக்கில் பெரிய தவறு. வெயிலில் சுருண்டு கரிந்த திட்டின்மேல் பாட்டிலிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் இலைகள் விரியும். அப்புறம் பத்து மடங்கு லென்ஸில் இலை நுனியைப் பாருங்கள். வெள்ளை முடிபோல் நீண்டிருந்தால் கிரிம்மியா வகைப் பாசியாக இருக்கலாம். தூரத்தில் நரைத்த மெத்தைபோல் தெரிவதும் அந்த முடியால்தான். நனைவதற்கு முன், பின் என இரண்டு படமும் வேண்டும்.

இடக்குறிப்பில் ‘பாறை’ என்று ஒரே சொல்லில் முடிப்பதும் பயன்படாது. வெறும் கிரானைட்டா, மண் அடைந்த வெடிப்பா, கோட்டைச் சுவரின் சுண்ணாம்புக் காரையா? காரையில் வளர்வது வேறு கூட்டம். சந்தேகமாக இருந்தால், கீழே உதிர்ந்து கிடக்கும் துணுக்கில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் சுண்ணாம்பு நுரைக்கும், கிரானைட் சும்மா இருக்கும். (சுவர்மேல் ஊற்றிவிடாதீர்கள், சாமி.)

மாதிரி எடுக்க அனுமதி இருந்தால் நகக்கண் அளவு போதும். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். மடித்த காகித உறையில் வைத்து இடம், தேதி, நிழலா வெயிலா என்பதை அதன்மேலேயே எழுதிவிடுங்கள்.