கெட்ட செய்தியைக் கேட்டுக்கொள்ளும் விதம்: குழுத் தலைவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாரக் கூட்டம் முடியப் போகும் நேரம். "வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று குழுத் தலைவர் கேட்கிறார். கடைசி நாற்காலியில் இருப்பவர் சற்றுத் தயங்கிவிட்டு, "போன வாரம் வாடிக்கையாளருக்கு அனுப்பிய கணக்கில் ஒரு வரிசை விடுபட்டிருக்கிறது, இன்று காலையில்தான் கவனித்தேன்" என்கிறார். தலைவர் ஒன்றும் சொல்லவில்லை; மடிக்கணினியை மட்டும் டப்பென்று மூடுகிறார். இத்தகைய செய்திகளை இனிக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதை அறையில் இருந்த அத்தனை பேரும் அந்தச் சத்தத்திலேயே தெரிந்துகொள்கிறார்கள்.

பணியிடத்தின் உளவியல் பாதுகாப்பு என்றதும் பயிலரங்குகளும் கொள்கை அறிக்கைகளும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு வளர்வதும் முறிவதும் மேலே சொன்ன இரண்டு மூன்று நொடிகளில்தான் என்பது என் கணிப்பு. அந்த நொடிகளில் தன் மனத்தையும் எதிரில் இருப்பவரின் மனத்தையும் படிக்கத் தெரிந்திருப்பதுதான், அலுவலகத்தைப் பொறுத்தவரை, உணர்வுசார் நுண்ணறிவு.

ஒரு தவறான புரிதலை முதலில் விலக்கிவிட வேண்டும். உளவியல் பாதுகாப்பு என்பது எல்லோரும் எல்லோரிடமும் இனிக்க இனிக்கப் பேசுவதன்று. சந்தேகம் கேட்டாலோ, தவறை ஒப்புக்கொண்டாலோ, மாற்றுக் கருத்தைச் சொன்னாலோ இந்தக் குழுவில் தனக்கு அவமானமோ தண்டனையோ வராது என்று உறுப்பினர்கள் பொதுவாக நம்புவதையே அது குறிக்கிறது. ஆய்வாளர் எமி எட்மன்ட்சன் 1990களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்றே எதிர்பார்த்தார். கிடைத்த எண்களோ, அக்குழுக்களில்தான் பிழைகள் அதிகம் என்று காட்டின. அவர்கள் கூடுதலாகத் தவறு செய்யவில்லை, செய்த தவறுகளை மறைக்காமல் பேசினார்கள் என்பதே அவர் கண்டறிந்த விளக்கம். பின்னர் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இக்கருத்தைப் பரவலாக்கியது. எனவே உங்கள் குழுவிலிருந்து பிழைச் செய்தியே வருவதில்லை என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள், கொஞ்சம் கவலைப்படுங்கள்.

இனி அந்த நொடிகளுக்கு வருவோம். உளவியலாளர்கள் பீட்டர் சாலவேயும் ஜான் மேயரும் 1990இல் உணர்வுசார் நுண்ணறிவை வரையறுத்தபோது, உணர்வை அடையாளம் காண்பதையும் அதை ஒழுங்குபடுத்துவதையும் அதன் முக்கியக் கூறுகளாக வைத்தார்கள். பெரும்பாலோர் முதலாவதைத் தாண்டி நேரே இரண்டாவதற்குப் போக முயன்று தோற்கிறோம். கோபம் வந்திருப்பதே தெரியாதவரால் கோபத்தை அடக்க முடியாது. உடல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்: தாடை இறுகும், மூச்சு மேலோட்டமாகும், கை எதையாவது மூடவோ தள்ளவோ பார்க்கும். உங்களுக்கு இவற்றில் எது முதலில் வருகிறது என்பதை ஒரு வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள். பிறகு அந்த உணர்வுக்குச் சரியான பெயரைத் தேடுங்கள். "எரிச்சல்" என்று நாம் நினைப்பது பல வேளைகளில் மேலதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்ற பயமாகவோ, நாமே சரிபார்த்திருக்க வேண்டும் என்ற குற்ற உணர்வாகவோ இருக்கும். பயம் என்று தெரிந்துவிட்டால், அதை எதிரில் நிற்பவர் மேல் இறக்கிவைக்கத் தோன்றாது. முகத்தை மட்டும் கல்லாக வைத்துக்கொள்வது இதற்கு மாற்றாகாது. வெளித்தோற்றத்தை அடக்கினாலும் உள்ளே இருக்கும் உணர்வு குறைவதில்லை. நிகழ்வுக்கு நாம் தரும் பொருளை மாற்றினால்தான் குறைகிறது. "என்னை மாட்டிவிட்டார்" என்ற பொருளை "வாடிக்கையாளர் கண்டுபிடிப்பதற்குள் எனக்குச் சொல்லிவிட்டார்" என்று மாற்றிப் பாருங்கள், குரலே வேறாக வரும்.

வாய் திறக்கும்போது வரிசை முக்கியம். சொன்னதற்கு நன்றி முதலில் வர வேண்டும், அதுவும் "இதை இன்றே சொன்னது நல்லது, திருத்த நேரம் இருக்கிறது" என்பதுபோல் குறிப்பாக. அடுத்து, "இப்போது என்ன செய்யலாம், உங்களுக்கு என்ன உதவி தேவை?" என்ற கேள்வி. எப்படி நேர்ந்தது என்ற விசாரணையை, பதற்றம் தணிந்தபின் தனியாக வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் "யார் செய்தது?" என்பதை விட "எந்தக் கட்டத்தில் நம் கண்ணுக்குத் தப்பியது?" என்ற கேள்வியே உண்மையை வெளிக்கொணரும்.

கெட்ட செய்தி தானாக வரட்டும் என்று காத்திருப்பதும் போதாது. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃபே தீவின் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். புறப்பட விரைந்த விமானத்தின் பொறியாளர், மற்ற விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். மூத்த விமானி விலகிவிட்டதாக அழுத்தமாகச் சொன்னதும் அந்தக் கேள்வி அத்தோடு நின்றுபோனது. விமானி அறையில் இளையவர் ஐயத்தை உரக்கச் சொல்லவும் மூத்தவர் அதைக் காதில் வாங்கவும் கற்பிக்கும் பயிற்சிகள் உருவானதற்கு இத்தகைய விபத்துகளே காரணம். அலுவலகத்தில் இதன் பொருள் எளியது: "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டால் சம்மதம்தான் கிடைக்கும். "இந்தத் திட்டம் எந்த இடத்தில் சறுக்கக்கூடும்?" என்று கேளுங்கள். அனுபவம் குறைந்தவர் முதலிலும் நீங்கள் கடைசியிலும் பேசுங்கள். கேட்டபின் வரும் மௌனத்தை நீங்களே நிரப்பிவிடாமல், மனத்துக்குள் பத்து எண்ணும்வரை பொறுத்திருங்கள். (சொல்வது சுலபம், எனக்கு நான்கிலேயே வாய் துறுதுறுக்கும்.)

உங்கள் தவறை நீங்களே சொல்வதும் உதவும், அளவோடு. "இந்த மதிப்பீட்டை நான் அவசரத்தில் போட்டுவிட்டேன்" என்ற ஒரு வரி போதும். அரைமணி நேரத் தன்னிரக்கத்தைக் கேட்க வேண்டிய சுமையைக் குழுவின் மேல் ஏற்ற வேண்டாம்.

இதெல்லாம் தரத்தைத் தளர்த்திவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. புதிதாக ஒன்றை முயன்று தோற்பது, சிக்கலான வேலையில் கவனம் சிதறுவது, தெரிந்தே விதியை மீறுவது ஆகிய மூன்றும் ஒன்றல்ல. முதலாவதிலிருந்து கற்க வேண்டும், இரண்டாவதற்கு வேலைமுறையைத் திருத்த வேண்டும், மூன்றாவதற்கு நடவடிக்கை எடுக்கத்தான் வேண்டும். எது எந்த வகை என்பதை முன்கூட்டியே குழுவிடம் விளக்கிவிட்டால், நடவடிக்கை எடுக்கும் நாளில் மற்றவர்கள் மிரள மாட்டார்கள்.

நிலைமை மாறுகிறதா என்று அறியப் பெயரில்லாக் கருத்துக்கணிப்பு நடத்தலாம். ஆனால் ஐந்து பேர் கொண்ட குழுவில் எழுத்துநடையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு. ஒவ்வொரு சிக்கலுக்கும் அது நேர்ந்த தேதியையும், உங்கள் காதுக்கு வந்த தேதியையும், யார் வழியாக வந்தது என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மூன்று மாதம் கழித்து அதைப் புரட்டும்போது தேதிகளின் இடைவெளி குறைந்திருக்க வேண்டும். யார் வழியாக வந்தது என்ற இடத்தில் வாடிக்கையாளரின் பெயர் குறைந்து, சம்பந்தப்பட்டவரின் பெயரே அதிகமாகத் தென்பட வேண்டும்.